கீச்சிரோ டொயோடா

டொயோட்டா என்னும் பெயரை இக்காலத்தில் அறியாதார் அரியர். கலியாணத்திற்கோ தலயாத்திரைக்கோ சுற்றத்தோடு புறப்படுவோர் நம் நாட்டிலும் அக்கம்பெனியின் இன்னோவா வண்டியை விரும்பி வாடகைக்கு அமர்த்துகின்றனர். உழைக்கும் வண்டி, வழியிற் கைவிடாத வண்டி என்பது அதற்கு வாய்த்த நற்பெயர். ஆனால் வண்டியின் மேலுள்ள அச்சொல் ஒரு குடும்பத்தின் பெயர் என்பதையும், அதில் ஓரெழுத்து வேண்டுமென்றே மாற்றப்பட்டது என்பதையும் அறிந்தார் சிலரே. அக்கம்பெனியார் முதன்முதல் விற்ற வண்டிகள் வழியிற் கைவிடுவதற்கே பெயர்பெற்றிருந்தன என்றால் நம்புவார் இன்னுஞ் சிலரே. அவ்வவப்பெயரைத் தாம் சுமந்து, அது நீங்கியதைக் கண்ணாற் காணாமலே மறைந்தவர் கீச்சிரோ டொயோடா என்பார். அவருடைய சரித்திரத்தை இயன்ற அளவு சுருக்கி ஈண்டு எழுதப் புகுந்தோம்.

மகனுடைய கதையைத் தந்தையிடமிருந்தே தொடங்குதல் வேண்டும். கீச்சிரோவின் தந்தையார் சகிச்சி டொயோடா, 1867-ஆம் ஆண்டில், இன்று கொசாய் என வழங்கும் பகுதியிலுள்ள ஒரு சிற்றூரில், தச்சர் ஒருவருக்கு மகனாகத் தோன்றினார். அவ்வூர்ப் பக்கத்திற் பெண்டிர் வீடுதோறும் கைத்தறியில் அமர்ந்து துணி நெய்து வந்தனர். அவருடைய அன்னையாரும் அவ்வாறே நெய்தவர். புதிது புனைவார்க்கு உரிமை வழங்கும் சட்டம் ஜப்பானில் 1885-ஆம் ஆண்டு ஏற்பட்டபோது, பள்ளிப்படிப்பு மிகுதியாகப் பெறாத அத்தச்சிளைஞருக்குத் தறியைத் திருத்த வேண்டுமென்ற எண்ணம் பிறந்தது. தந்தையின் தொழிலை விட்டு, கொட்டிலுள் அடைந்து மரத்தை அறுப்பதும் இழைப்பதும் உடைப்பதுமாக இருந்த அவரை ஊரார் பித்தர் என்றே கருதினராம். 1891-இல் மரக்கைத்தறி யொன்றிற்கு முதல் உரிமை பெற்றார். அதற்கு ஐந்தாறு ஆண்டுகளின் பின் நீராவியால் இயங்குந் தறியைச் செய்து முடித்தார்.

இவ்வேட்கையின் விலையைக் கொடுத்தவர் பிறர். 1894-ஆம் ஆண்டு ஜூன் மாதம் 11-ஆம் நாள் கீச்சிரோ பிறந்தார். தறியையே நினைந்து வீட்டையும் வருவாயையும் மறந்த கணவரோடு வாழமாட்டாமல், குழந்தை பிறந்த சிறிது காலத்திற்குள் தாயார் பிறந்தகம் போய்விட்டார். குழந்தை பாட்டனார் பாட்டியாரிடம் வளர்ந்தது. சகிச்சி மறுமணம் புரிந்து நகோயா நகரில் நிலைபெற்ற பின்னரே மகனை அழைத்துக்கொண்டார். மாற்றாந்தாயார் அவரை அன்போடு பேணினார் என்பர். எனினும் அவர் இளமையில் அதிகம் பேசாதவராகவும், கூட்டத்திற் பின்னொதுங்கி நிற்பவராகவும் இருந்ததற்கு இளமைத் தனிமையும் ஒரு காரணமாகலாம் என்பது எம் ஊகம்.

தந்தைக்குக் கிட்டாத கல்வி மகனுக்குக் கிட்டியது. செண்டாயிலுள்ள உயர்தரப் பள்ளியிற் பயின்று, தோக்கியோ இம்பீரியல் சர்வகலாசாலையில் யந்திரக்கலையில் 1920-ஆம் ஆண்டு பட்டம் பெற்றார். அடுத்த ஆண்டு தந்தையாரின் நூற்பு நெசவுக் கம்பெனியிற் சேர்ந்தார். உடனே தம் தங்கை ஐக்கோவோடும் அவர் கணவர் ரிசாபுரோவோடும் அமெரிக்காவுக்கும் ஐரோப்பாவுக்கும் சென்று வந்தார். இங்கிலாந்தில் ஓல்டாம் என்னும் ஊரிலிருந்த பிளாட் சகோதரர் கம்பெனி அக்காலத்தில் உலகத்து நெசவு யந்திரங்களுக்குத் தாயகம். அங்கே சில காலம் தங்கித் தொழிலாளரோடு தொழிலாளராய் நின்று வேலை கற்றார். மருமகனாகிய ரிசாபுரோவைச் சகிச்சி ஜப்பானிய வழக்கப்படி குடும்பப்பெயர் கொடுத்து மகனாக ஏற்றிருந்தார். வயதில் மூத்தவராதலின் குடும்பத் தலைமையும் பின்னர் அவருக்கே உரியதாயிற்று. இக்குறிப்பு மேல்வருவதை விளங்கிக்கொள்ள வேண்டும்.

1924-ஆம் ஆண்டில் தந்தையும் மகனும் உடனுழைத்தவரும் சேர்ந்து முற்றுவித்த தானியங்கித் தறியே அக்குடும்பத்திற்கு உலகப் புகழை முதற்கண் ஈட்டியது. பாவில் ஓரிழை அறுந்தால் அத்தறி தானே நின்றுவிடும். நாடாவில் ஊடைநூல் தீருந் தறுவாயில், ஓட்டம் நில்லாமலே புது நாடா வந்து புகும். ஆதலின் ஒருத்தி இருபது முப்பது தறிகளை மேற்பார்க்கக் கூடியதாயிற்று. குற்றம் நேர்ந்த கணத்திலேயே வேலையை நிறுத்திக் குற்றத்தை வெளிக்காட்டும் யந்திரம் என்னும் இக்கருத்தை வாசகர் நினைவில் வைத்துக்கொள்வாராக. பிற்காலத்தில் மோட்டார்த் தொழிலில் அக்கம்பெனியார் செய்தவற்றுட் பாதி இதிலிருந்தே கிளைத்தது. இத்தறிகளைச் செய்வதற்கென்றே கரியாவில் 1926-இல் ஒரு யந்திரசாலை எழுந்தது.

இதற்கிடையில் 1923-ஆம் ஆண்டு செப்டெம்பர் முதல் நாள் நிகழ்ந்த பெரும் பூகம்பம் தோக்கியோவையும் யோக்கோஹாமாவையும் பாழாக்கியது. டிராம் பாதைகள் சிதைந்தன. நகராட்சியார் அமெரிக்காவிலிருந்து ஃபோர்டு வண்டிகளின் அடிச்சட்டங்களை எண்ணூறு அளவில் வருவித்து, அவற்றின்மேல் கூடு கட்டிப் பஸ்களாக ஓட்டினர். மோட்டார் வண்டி செல்வர் விளையாட்டுப் பொருளன்று, நாட்டுக்கு இன்றியமையாதது என்பதை ஜப்பானியர் அப்பொழுதே கண்கூடாகக் கண்டனர். ஃபோர்டு கம்பெனியார் 1925-இல் யோக்கோஹாமாவிலும், ஜெனரல் மோட்டார்ஸ் கம்பெனியார் 1927-இல் ஓசாக்காவிலும் வண்டிகளைப் பூட்டி விற்கத் தொடங்கினர். பாகங்கள் கப்பலில் வந்திறங்கும். பூட்டுவது ஒன்றே ஜப்பானியர் வேலை. மித்ஸுயி, மித்ஸுபிஷி போன்ற பெருஞ்செல்வக் குடும்பத்தாரும் இவ்விரு பூதங்களோடு மல்லுக்கு நிற்கத் துணிந்தாரில்லை.

1929-ஆம் ஆண்டு கீச்சிரோ மீண்டுங் கடல் கடந்தார். தறியின் உரிமையைப் பிளாட் சகோதரருக்கு விற்பது வெளிக்குச் சொன்ன காரியம். தாம் மாணாக்கராய் நின்ற கம்பெனியாருக்கே விற்பனையாளராகச் சென்றது அவருக்கு எத்தகைய உணர்ச்சியைத் தந்ததோ! அவ்வாண்டு டிசெம்பரில் ஒரு லக்ஷம் பவுனுக்கு உடன்படிக்கை முடிந்தது. வழியில் அமெரிக்காவிலும் இங்கிலாந்திலும் மோட்டார்த் தொழிற்சாலைகளை ஊன்றிப் பார்த்ததே அவர் உள்ளத்திலிருந்த காரியம். அத்தொகை முழுவதையுந் தந்தை மகன் கையிற் கொடுத்து மோட்டார் செய்யச் சொல்லி உயிர் நீத்தார் என ஒரு கதை வழங்குகிறது. கதை அழகியதே. ஆயினும் பணம் தவணையாகவே வந்தது, பின்னர்க் குறைக்கவும்பட்டது. ஒன்று மட்டும் மெய். 1910-ஆம் ஆண்டில் தாமும் அமெரிக்கா சென்று அங்குத் தெருவெல்லாம் மோட்டார் ஓடக்கண்ட சகிச்சிக்கு மகனின் ஆசை அந்நியமானதன்று. அவர் 1930-ஆம் ஆண்டு அக்டோபர் 30-ஆம் நாள் காலமானார்.

அவ்வாண்டு முதலே கரியாவிலுள்ள தறி யந்திரசாலையின் ஒரு மூலையில் மிதிவண்டியிற் பொருத்தக்கூடிய ஒரு சிறிய எஞ்சினைக் கழற்றிப் பார்த்து அதுபோற் செய்யும் வேலை நடந்தது. தறிக்கம்பெனியின் தலைவரான ரிசாபுரோ தயங்கினார். நூலிலும் தறியிலும் ஈட்டிய பொருளையெல்லாம் மோட்டார் விழுங்கிவிடும் என்ற அவருடைய அச்சம் காரணமற்றதன்று. கணக்கறிந்த எவரும் அக்காலத்தில் அவ்வாறே அஞ்சியிருப்பர். எனினும் 1933-ஆம் ஆண்டு செப்டெம்பரில் கம்பெனியில் மோட்டார்ப் பகுதி யொன்று அமைந்தது. அடுத்த ஜனவரியிற் பங்குதாரர் கூட்டமும் இசைந்தது.

அமெரிக்கச் செவ்ரோலெட் வண்டி யொன்றை வாங்கி, ஆணி ஆணியாகக் கழற்றி, ஒவ்வொன்றையும் அளந்து வரைந்தனர். பார்த்துச் செய்வதுதானே, இதில் என்ன அருமை என்று நினைப்பவர் வார்ப்புத் தொழிலை அறியாதவர். எஞ்சினின் உருளைகள் அமைந்த பெருங்கட்டி ஒரே வார்ப்பாக வர வேண்டும். அதனுள்ளே குளிர்ந்த நீர் ஓடுவதற்கு வளைந்து வளைந்து செல்லும் புழைகள் வேண்டும். அப்புழைகளின் வடிவாக மணலால் உட்கரு செய்து அச்சினுள் நிறுத்தி, சுற்றிலும் உருகிய இரும்பை ஊற்றுவர். கரு சிறிது அசைந்தாலும் ஒருபுறச் சுவர் தடித்து மறுபுறம் மெலியும். ஆவி வெளியேற வழியின்றித் தங்கினால் இரும்பிற் குமிழி விழும். தறிக்கு வேண்டும் வார்ப்புகளிற் கைதேர்ந்தவரே அங்கிருந்தவர். ஆயினும் இதில் அவர்கள் கை தோற்றது. நூற்றுக்கணக்கான வார்ப்புகள் உடைத்து மீண்டும் உலையிலிடப்பட்டன. கருமணலோடு எண்ணெய் கலந்து சுடும் முறையைப் படிப்படியாகக் கற்றுத் தேறிய பின்னரே 1934 செப்டெம்பரில் முதல் எஞ்சின் உருப்பெற்றது. ஆறு உருளைகளும் ஏறத்தாழ 3.4 லிட்டர் கொள்ளளவும் உடையது அது. ஓட்டிப் பார்த்தால் முன்மாதிரியாகிய அமெரிக்க எஞ்சினைவிட ஆற்றல் குறைந்திருந்தது. மறுபடியும் திருத்தினர். தகுந்த உருக்கு உள்நாட்டிற் கிடைக்கவில்லை. அதற்கென ஓர் உருக்குச் சாலையையும் தாமே கட்டினர்.

இக்காலத்திற் கீச்சிரோவைக் கண்டவர் அவரை முதலாளி யென்று கண்டுகொள்ளமாட்டார். மூக்குக்கண்ணாடி அணிந்து, எண்ணெய்க் கறை படிந்த கையோடு பட்டறையில் நிற்பார். நாளொன்றுக்கு மும்முறையாவது கை கழுவ வேண்டிய அழுக்கு ஒருவன் கையிற் படவில்லையாயின் அவன் யந்திர வல்லுநனாகான் என்பது அவருடைய கொள்கை. அரைக்கும் யந்திரம் ஒன்று ஓடவில்லையென்று தொழிலாளி தலையைச் சொறிந்து நின்றபோது, அவர் சட்டைக்கையைச் சுருட்டிக்கொண்டு எண்ணெய்த் தொட்டியுட் கையை விட்டுச் சேற்றை அள்ளி வெளியே போட்டதாக ஒரு செய்தி இன்றுஞ் சொல்லப்படுகிறது. சர்வகலாசாலைப் பட்டம் பெற்றோரிடையே இவ்வியல்பு அக்காலத்தில் அரிது, இக்காலத்திலும் மலிந்துவிடவில்லை.

1935 மே மாதத்தில் முதல் கார் நிறைவுற்றது. அதன் மேற்கூடு அக்காலத்துப் புதுமையான அமெரிக்க டிசோட்டோ ஏர்ஃப்ளோ வண்டியைப் பார்த்துச் செய்தது. ஆனால் அரசாங்கத்தாரும் சேனையாரும் லாரிகளையே வேண்டினர். ஆதலால் அவசர அவசரமாக லாரி யொன்றைச் செய்து, அவ்வாண்டு நவம்பரில் தோக்கியோவில் பலர் அறியக் காட்சிக்கு வைத்தனர். கரியாவிலிருந்து தலைநகருக்கு ஓட்டிச்செல்லும் வழியிலேயே சக்கரத்தைத் திருப்பும் உறுப்பொன்று முறிந்தது. வழியிற் செப்பனிட்டுக் காட்சிக்கு நேரமாகுமுன் கொண்டுபோய்ச் சேர்த்தனர். காட்சிக்கு வந்தவர்கள் இதனை அறியார்.

வாங்கியவர்கள் விரைவில் அறிந்தனர். அச்சு முறிதலும் பற்சக்கரம் தேய்தலுமாக நாள்தோறும் ஒரு செய்தி வந்தது. விற்பனைப் பொறுப்பை ஏற்றவர் ஷோதாரோ காமியா. அவர் ஜெனரல் மோட்டார்ஸ் கம்பெனியில் நல்ல சம்பளத்தில் இருந்தவர். குறைந்த ஊதியத்திற்கு இசைந்து இங்கு வந்தவர். வண்டி குற்றமுள்ளது என்பதை அவர் மறைத்தாரல்லர். பொறுத்துக்கொள்ளக் கூடியவர்க்கே முதலில் விற்று, எங்கே நின்றாலும் எவ்வேளையாயினும் ஆளனுப்பிச் செலவின்றிச் சீர்செய்து கொடுத்தார். கீச்சிரோவும் வண்டி நின்றுபோன இடங்களுக்குத் தாமே சென்று, முறிந்த உறுப்பைக் கையில் எடுத்துப் பார்த்து, பட்டறைக்குத் திரும்பி அதனை மாற்றி வரைவார். விலையோ அமெரிக்க லாரியினுங் குறைவு, அடக்கத்திற்கும் கட்டாது. விற்குந்தோறும் நஷ்டம். இதனை வியாபாரமென்று கூறுவதினும் பயிற்சிச் சம்பளம் என்று கூறுதல் பொருந்தும்.

அடுத்த ஆண்டு இரு செய்திகள் நேர்ந்தன. கம்பெனிக்கு ஒரு சின்னம் வேண்டி விளம்பரஞ் செய்ததில் ஏறத்தாழ 27,000 பேர் வரைந்தனுப்பினர். பரிசு பெற்ற சின்னத்தில் டொயோடா என்பது டொயோட்டா என மாறியிருந்தது. ஜப்பானிய எழுத்தில் இரண்டு சிறு கோடுகள் நீங்கிவிடப் பத்து வரைகள் எட்டாயின. எட்டு அந்நாட்டாருக்கு மங்கல எண். ஒலியும் தெளிவாயிற்று. வளமிக்க நெல்வயல் என்ற பொருளுடைய குடும்பப்பெயர் இவ்வாறு பொருளற்ற ஒரு பொதுப்பெயராயிற்று. அவர்கள் எழுத்திற் குறைந்தது. நம் எழுத்திலோ ஒரு டகரவொற்று மிகுந்தது!

மற்றொன்று அவ்வளவு இனியதன்று. 1936-ஆம் ஆண்டுச் சட்டமொன்றால் மோட்டார் செய்யும் உரிமை அரசாங்கத்தின் அனுமதி பெற்றவர்க்கே உரியதாயிற்று. டொயோடாவும் நிஸ்ஸானும் அனுமதி பெற்றன. ஃபோர்டும் ஜெனரல் மோட்டார்ஸும் படிப்படியாக நெருக்கப்பட்டு, 1939-க்குள் ஒதுங்கின. ஆகவே அமெரிக்கரை அக்காலத்தில் வென்றது கீச்சிரோவின் வண்டியன்று. போருக்கு ஆயத்தமாகிய அரசின் ஆணையே என்பதை நாம் மறைத்தல் தகாது. சீனப் போர்க்களத்திற்குச் சென்ற லாரிகளைப் பற்றிச் சேனையார் குறை கூறியதும் உண்மை.

1937-ஆம் ஆண்டு ஆகஸ்டு 28-ஆம் நாள் டொயோட்டா மோட்டார்க் கம்பெனி தனியாகப் பிரிந்தது. ரிசாபுரோ தலைவர், கீச்சிரோ துணைத்தலைவர். பட்டுப்பூச்சி வளர்த்தலால் வாழ்ந்து பின்பு நலிந்துபோன கொரோமோ என்னும் ஊரருகே ஒரு பெருந்தரிசை வாங்கி, 1938 நவம்பர் 3-ஆம் நாள் புதிய தொழிற்சாலையைத் திறந்தனர். அதற்கு முன் கீச்சிரோ ஒரு சாண் பருமன் போலத் தோன்றும் தடித்த கையேடு ஒன்றை எழுதி மேற்பார்வையாளர்க்கு வழங்கியிருந்தார். பாகங்களைக் குவித்து வைக்கும் பண்டசாலை வேண்டா. இன்று எத்தனை வண்டி பூட்டப்படுமோ அத்தனைக்குரிய பாகங்கள் மட்டும், வேண்டிய வேளையில், வேண்டிய அளவில் வந்து சேரவேண்டும். முன்னரும் வரலாகாது, பின்னரும் வரலாகாது என்பது அதன் சாரம். தமக்கு வாய்த்த முதல் சிறிதாதலின், அதனை இரும்பாக்கி அடுக்கி வைக்க அவரிடம் பொருளில்லை. அக்கருத்தின் பிறப்பு அவ்வறுமையிலே என்று யாம் கருதுகிறோம். போர் முற்றியவுடன் பண்டங்கள் எல்லாம் அரசாங்கப் பங்கீட்டுக்குள் வந்தமையால் அம்முறை கையேட்டளவில் நின்றது.

1941-இல் கீச்சிரோ தலைவரானார். தலைவர் செய்ய என்ன இருந்தது? கார் செய்தல் தடுக்கப்பட்டது. லாரிகளிலும் இரும்பு குறைந்து குறைந்து, ஒரே முகவிளக்கும் பின்சக்கரங்களில் மட்டும் தடையுமாக வெளிவந்தன. 1945 ஆகஸ்டு 14-ஆம் நாள், அதாவது போர் நின்ற நாளுக்கு முந்தின நாள், கொரோமோவில் குண்டு வீழ்ந்து தொழிற்சாலையிற் கால்பங்கு அழிந்தது.

மறுநாள் முதல் ஆயிரக்கணக்கான குடும்பங்களுக்குச் சோறு எங்கே என்பது தலைவருடைய கவலையாயிற்று. சட்டி பானை, பீங்கான், வீடு கட்டுதல் என்று கைக்கு எட்டிய தொழிலையெல்லாம் ஆராய்ந்தார். சேற்றுமீன் வளர்ப்பைப் பற்றியும் நூல் திரட்டிப் படித்தார். தம் மகன் ஷோயிச்சிரோவை வடகோடியிலுள்ள வக்கனாய்க்கு அனுப்பி மீன்மாவு உணவு செய்யும் தொழிலைப் பார்க்கச் சொன்னார். அதே காலத்திலேதான், மூன்றாண்டுக்குள் அமெரிக்கரை எட்டிப் பிடிக்காவிடில் ஜப்பானில் மோட்டார்த் தொழில் நிலைக்காது என்றும் தம் மக்களிடம் வற்புறுத்தினார். ஓர் அமெரிக்கத் தொழிலாளி செய்யும் வேலைக்கு ஜப்பானியர் எட்டொன்பதின்மர் வேண்டுமென்று கணக்கிட்டிருந்த காலம் அது. மீன் வளர்ப்பும் அமெரிக்கரை எட்டுதலும் ஒரே மனத்தில் அடுத்தடுத்து இருந்தன.

இனி அவர் வாழ்க்கையின் கடினமான பகுதிக்கு வருகிறோம். 1949-ஆம் ஆண்டு அமெரிக்க ஆலோசகர் டாட்ஜ் வகுத்த திட்டத்தால் ஜப்பானிற் பணப்பெருக்கம் திடீரென நிறுத்தப்பட்டது. லாரி வாங்கியோர் தவணை செலுத்தவில்லை. புதிதாக வாங்குவாரும் இல்லை. மற்றக் கம்பெனிகள் ஆட்களைக் குறைத்தன. கீச்சிரோ மட்டும் குறைக்க மறுத்தார். ஆளை நீக்குவதில்லை, அதற்கு ஈடாகச் சம்பளத்திற் பத்திலொரு பங்கைக் குறைத்துக்கொள்வது என்று அவ்வாண்டு டிசெம்பரிற் சங்கத்தாரோடு உடன்பாடு செய்துகொண்டார். ஆனால் கையிலிருந்த பணம் தீர்ந்துவிட்டது. ஆண்டு முடிவிற் கடன்தந்து காக்க ஜப்பான் பாங்கியின் நகோயாக் கிளைத் தலைவர் முயன்று இருபத்துநான்கு பாங்கிகளை ஒன்றுசேர்த்தார். கடன் கிடைத்தது, நிபந்தனையும் உடன் வந்தது. விற்பனையைத் தனிக் கம்பெனியாகப் பிரிக்க வேண்டும். விற்கக்கூடிய அளவே செய்ய வேண்டும். ஆட்களைக் குறைக்கவும் வேண்டும்.

1950 ஏப்பிரலில் 1,600 பேர் தாமே விலக வேண்டுமென்ற அறிவிப்பு வெளிவந்தது. தலைவரின் வாக்கு நான்கு மாதத்தில் பொய்த்துவிட்டது. வேலைநிறுத்தம் மூண்டு இரண்டு மாதம் நீடித்தது. தொழிலாளர் கோபித்ததிற் பிழையில்லை. அவர்கள் கையிற் கையெழுத்திட்ட காகிதம் இருந்தது. கீச்சிரோ அக்காலத்தில் இரத்த அழுத்தத்தால் உடல் நலிந்திருந்தார். அவர் பாங்கிகளைப் பழித்திருக்கலாம், டாட்ஜைப் பழித்திருக்கலாம், சட்டத்தின் துணையை நாடியிருக்கலாம். ஜூன் மாதம் 5-ஆம் நாள் தம் பதவியைத் துறந்தார். வாக்கைக் காக்க முடியாதவன் அப்பதவியில் இருத்தலாகாது என்பதே அச்செயலின் பொருள். அவரோடு வேறு மேலாளரும் விலகினர். ஐந்து நாளிற் பிணக்குத் தீர்ந்தது. இரண்டாயிரத்துக்கு மேற்பட்டோர் வேலையை விட்டு வெளியேறினர். அவர் பதவி துறந்தது போன வேலைகளை மீட்கவில்லை. ஆயினும் தங்கினவர்களோடு கம்பெனி பேசுவதற்கு அஃது ஒரு முகத்தைத் தந்தது. அதன்பின் அக்கம்பெனியில் அத்தகைய நெடிய வேலைநிறுத்தம் நேரவில்லை யென்பர்.

விதியின் போக்கைப் பாருங்கள். அவர் விலகி மூன்று வாரம் ஆகுமுன், ஜூன் 25-ஆம் நாள், கொரியாவிற் போர் மூண்டது. ஜூலையில் அமெரிக்கச் சேனையார் ஆயிரம் லாரிகளுக்கு முதல் உத்தரவு கொடுத்தனர். பின்னும் பல வந்து 4,600-க்கு மேலாயிற்று. ஒரு மாதம் முன்னர் அவ்வுத்தரவு வந்திருப்பின் தலைவரும் விலகியிரார், தொழிலாளரும் போயிரார். அப்பதவியை ஏற்ற டைசோ இஷிடா தறிக்கம்பெனியின் தலைவர், சிக்கனத்திற்குப் பெயர்போனவர். உரியவர் திரும்பும்வரை இருக்கையைக் காப்பவராகவே அவர் தம்மைக் கருதினார். கடன் தீர்ந்து கணக்கு நேரானதும் 1952-ஆம் ஆண்டின் தொடக்கத்தில் கீச்சிரோவிடஞ் சென்று மீண்டும் தலைமை ஏற்குமாறு வேண்டினார். லாரி மட்டும் செய்யும் கம்பெனிக்குத் திரும்ப அவருக்கு மனமில்லை யென்றும், கார் செய்யும் வேலை தொடங்கிவிட்டது என்று இஷிடா உறுதி கூறிய பின்னரே இசைந்தார் என்றும் சொல்லப்படுகிறது. இசைந்தவர் திரும்பவில்லை. அவ்வாண்டு மார்ச்சு 27-ஆம் நாள் மூளையில் இரத்தம் கசிந்து காலமானார். அப்போது அவருக்கு வயது ஐம்பத்தேழு. பாதிக்காலம் அவரோடு முரணியும் பாதிக்காலம் அவருக்குத் துணைநின்றும் வந்த ரிசாபுரோவும் அவ்வாண்டு ஜூன் மாதத்திலேயே மறைந்தார்.

பின் நிகழ்ந்தவற்றைப் பலரும் அறிவராதலின் விரிக்கவில்லை. அவர் காலத்தில் தொடங்கிய கார் 1955-இல் கிரௌன் என்ற பெயரோடு வெளிவந்தது. 1957-இல் அதனை அமெரிக்காவுக்கு அனுப்பினர். அந்நாட்டு நெடுஞ்சாலை வேகத்தைத் தாங்காது சூடேறி நடுங்கிய அவ்வண்டியைச் சில ஆண்டுகளில் திரும்ப அழைத்துக்கொள்ள நேர்ந்தது. பழைய லாரியின் கதையே மறுபடியும்! மறுபடியும் முறிந்த உறுப்பைக் கையிலெடுத்துப் பார்க்கும் வேலையே மருந்தாயிற்று. சிற்றப்பா மகனான எய்ஜி டொயோடாவும், நூற்பு நெசவுக் கம்பெனியிலிருந்து வந்த டைச்சி ஓனோவும் கீச்சிரோவின் கையேட்டில் உறங்கிய முறையை எழுப்பினர். வேண்டிய பாகத்திற்கு ஒரு சீட்டு. பழுது கண்ட தொழிலாளி எவனாயினும் வரிசை முழுவதையும் நிறுத்த ஒரு கயிறு. இழை அறுந்தால் நிற்கும் தறியையன்றி வேறெதனை அக்கயிறு நினைப்பூட்டும்? 1965-இல் டெமிங் பரிசு, 1966-இல் கொரோல்லா, 1989-இல் லெக்ஸஸ், 1997-இல் மின்சாரமும் பெட்ரோலும் கலந்தோடும் பிரையஸ் என அடுத்தடுத்து வந்தன. 2008-ஆம் ஆண்டு உலக விற்பனையில் ஜெனரல் மோட்டார்ஸையும் கடந்தனர். கொரோமோ நகரம் 1959 முதல் டொயோட்டா நகரம் என்றே வழங்குகிறது.

நற்பெயருக்கு ஊறு வந்ததும் உண்டு. வண்டி தானே விரைவெடுத்த புகார்களால் 2009, 2010-ஆம் ஆண்டுகளில் லக்ஷக்கணக்கான வண்டிகளைத் திரும்ப அழைக்க நேர்ந்தது. கீச்சிரோவின் பேரனும் அந்நாளைத் தலைவருமான அக்கியோ டொயோடா அமெரிக்கக் காங்கிரஸின் முன் நின்று மன்னிப்பு வேண்டினார். குறையை மறைத்தமைக்காக 2014-இல் 120 கோடி டாலர் தண்டம் செலுத்தினர். 2024 ஜனவரியில், கரியாவிற் பிறந்த அப்பழைய தறிக்கம்பெனியே டீசல் எஞ்சின் சோதனைகளில் முறைகேடு செய்ததை ஒப்புக்கொண்டது. காமியா தம் லாரியின் குறையை வாங்குவோரிடம் மறைக்காமற் சொன்ன அதே கம்பெனியில் இது நிகழ்ந்தது என்பதே எமக்கு வருத்தம்.

கீச்சிரோவின் கைப்படப் பிறந்த முதல் விற்பனைக் கார் ஏ.ஏ. என்பது. 1936 முதல் 1943 வரை 1,404 வண்டிகளே செய்யப்பட்டன. போரும் பசியும் இரும்புத் தட்டுப்பாடும் அவற்றையெல்லாம் விழுங்கிவிட்டன. கம்பெனியார் தம் ஐம்பதாம் ஆண்டு விழாவிற்கு, பழைய படங்களைக்கொண்டு ஒரு போலி வண்டியைத்தான் புதிதாகச் செய்து வைத்துக்கொண்டனர். பின்னர் 2008-ஆம் ஆண்டு ருஷ்யாவின் கீழ்க்கோடியில், விளாடிவாஸ்டாக் பக்கத்தில், மெய்யான ஏ.ஏ. ஒன்று அகப்பட்டது. உழவர் குடும்பம் ஒன்று பல்லாண்டு அதனை ஓட்டியிருந்தது. பழுதான உறுப்புகளுக்குப் பதிலாக ருஷ்ய வண்டியின் உறுப்புகளைப் பொருத்தி, தகரத்தை ஒட்டி, எவ்வாறோ வேலை வாங்கியிருக்கின்றனர். ஹாலந்து நாட்டில் ஹேக் நகரிலுள்ள லௌமன் மோட்டார்க் காட்சிச்சாலையார் அதனை வாங்கினர். வர்ணம் பூசாமலும் ஒடுக்கெடுக்காமலும், துருவோடும் ஒட்டுத் தகரத்தோடும் கிடைத்தபடியே வைத்திருக்கின்றனர்.